உரோம் நாட்டு நாவலர் சிசரோ

நுழையுமுன்

கரூர், கோயம்புத்தூர் வட்டாரங்களில் பழைய உரோமானியக் காசுகள் மண்ணுக்குள்ளிருந்து பலமுறை கிடைத்துள்ளன. அவற்றுள் பல, அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் பேரரசர்களின் முகம் பொறிக்கப்பட்டவை. யவனர் பொன்னைக் கொடுத்து மிளகைப் பெற்றுச் சென்ற செய்தியைச் சங்க இலக்கியமும் குறிப்பிடுகிறது. ஆயினும் உரோம் எக்காலத்தும் பேரரசரால் ஆளப்பட்ட நாடன்று. அகஸ்டசுக்கு முன் ஏறத்தாழ 480 ஆண்டுகள் அங்கு அரசன் இல்லை, குடியரசு நடைபெற்றது. அக்குடியரசின் கடைசித் தலைமுறையில் வாழ்ந்து, அதனைச் சொல்லால் காக்க முயன்ற ஒருவரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

பிறப்பும் பெயரும்

மார்க்கஸ் துல்லியஸ் சிசரோ கி.மு. 106ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் அர்ப்பினம் என்னும் மலையூரில் பிறந்தார். அவ்வூர் உரோம் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவ்வூர் மக்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது கி.மு. 188ஆம் ஆண்டில்தான். சிசரோவின் குடும்பம் வளமானது. ஆயினும் அவருடைய முன்னோருள் ஒருவரும் உரோமின் உயர்பதவியை வகித்ததில்லை. அத்தகைய குடும்பத்திலிருந்து முதன்முதலாக உயர்பதவிக்கு வருபவரை உரோமானியர் 'புதிய மனிதர்' என்று அழைத்தனர். அது பாராட்டுச் சொல் அன்று.

இலத்தீன் மொழியில் 'சிசர்' என்பது கொண்டைக்கடலையைக் குறிக்கும் சொல். அரசியலில் இறங்குமுன் அப்பெயரை மாற்றிக்கொள்ளுமாறு நண்பர் சிலர் கூறினர். சிசரோ மறுத்துவிட்டார், புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்களைவிடத் தம் பெயரை விளங்கச் செய்வதாக உறுதி கூறினார். பின்னாளில் சிசிலித் தீவில் அலுவலராக இருந்தபோது, வெள்ளிக் கலம் ஒன்றைக் கோவிலுக்குக் காணிக்கையாக அளித்தார். அதில் தம் முதலிரு பெயர்களை எழுத்தால் பொறிக்கச் செய்து, மூன்றாம் பெயருக்கு மாறாக ஒரு கொண்டைக்கடலையின் உருவத்தைச் செதுக்கச் செய்தார். இச்செய்தியைப் புளூட்டார்க் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார்.

கல்வி

உரோமானியச் சிறுவர்கள் மெழுகு பூசிய பலகையில் எழுத்தாணியால் எழுதிப் பழகினர். பிழை நேர்ந்தால் மெழுகைத் தேய்த்துச் சமப்படுத்தி மீண்டும் எழுதலாம். கி.மு. 450ஐ ஒட்டிய காலத்தில் தொகுக்கப்பட்ட 'பன்னிரு பட்டயங்கள்' என்னும் பழஞ்சட்டத்தைச் சிசரோ சிறுவயதில் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தார். அச்சட்டம் எழுதப்படுவதற்குமுன் வழக்குகளைத் தீர்க்கும் முறையை மேற்குடியினர் மட்டுமே அறிந்திருந்தனர். சட்டம் எழுத்தில் வந்த பின்னரே எளியவரும் அதனைச் சுட்டிக்காட்டி நீதி கேட்க முடிந்தது.

மகனின் கல்விக்காகத் தந்தை குடும்பத்தை உரோம் நகருக்கு அழைத்துவந்தார். சிசரோ அங்குக் கிரேக்க மொழியும் மெய்யியலும் சட்டமும் பயின்றார். நகரின் நடுவே 'ஃபோரம்' என்னும் திறந்தவெளி இருந்தது. கோவில்கள், கடைகள், வழக்குமன்றங்கள், பேச்சுமேடை ஆகிய யாவும் அங்கேயே இருந்தன. பேச்சாளர்களின் உரைகளை நாள்தோறும் அங்கு நின்று கேட்பதும் அவருக்குப் பாடமாயிற்று.

அஞ்சாத வழக்குரைஞர்

கி.மு. 80ஆம் ஆண்டில் சுல்லா என்னும் தளபதியின் அதிகாரம் ஓங்கியிருந்தது. தந்தையைக் கொன்றதாக ரோசியஸ் என்னும் ஒருவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. கொலையுண்டவரின் நிலங்களைச் சுல்லாவின் நெருக்கமான ஊழியர் மிகக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தார். இதனை எடுத்துரைக்க மூத்த வழக்குரைஞர்கள் அஞ்சினர். 26 வயதினரான சிசரோ அதனை மன்றத்தில் வெளிப்படையாகப் பேசி ரோசியசை மீட்டார்.

பின்னர் அவர் கிரேக்க நாட்டுக்குச் சென்றார். மெலிந்த உடலும் ஓயாது உரக்கப் பேசும் வழக்கமும் அவரை வருத்தின. ரோட்ஸ் தீவில் மோலோன் என்னும் ஆசிரியரிடம் குரலை அடக்கிப் பேசும் முறையைக் கற்று, 2 ஆண்டுகளுக்குப்பின் திரும்பினார்.

கி.மு. 75இல் சிசிலியில் நிதி அலுவலராகப் பணியாற்றினார். உரோமில் உணவுப் பஞ்சம் நேர்ந்த காலத்தில் பெருமளவு கோதுமையை அங்கிருந்து அனுப்பினார். உரோம் முழுவதும் தம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் என்று எண்ணிப் பணி முடிந்து திரும்பினார். வழியில் ஒரு துறைமுகத்தில் எதிர்ப்பட்ட ஒருவரோ, அவர் உரோமிலிருந்து என்று புறப்பட்டார் என்று கேட்டார். அவர் ஊரில் இல்லாததையே அம்மனிதர் அறிந்திருக்கவில்லை! இந்நிகழ்ச்சியைச் சிசரோவே பிற்காலத்தில் நகைச்சுவையுடன் கூறியுள்ளார். மக்களின் காதுகளைவிடக் கண்கள் கூர்மையானவை என்று அவர் அன்று உணர்ந்தார். அதன்பின் ஃபோரத்தை விட்டு நீங்காமல், தம்மைத் தேடிவரும் எவரையும் எந்நேரமும் சந்தித்தார்.

வெர்ரஸ் வழக்கு

சிசிலியின் ஆளுநராக 3 ஆண்டுகள் இருந்த வெர்ரஸ், அத்தீவைக் கொள்ளையிட்டான். கோவில் சிலைகளைக் கவர்ந்தான். உழவரிடமிருந்து அளவுக்கு மீறித் தானியம் பறித்தான். அவன் செய்த கொடுமைகளுள் மிகப் பெரியது ஒன்று உண்டு. காவியஸ் என்பவர் தாம் உரோமானியக் குடிமகன் என்று திரும்பத் திரும்ப முறையிட்டும் கேளாமல், விசாரணையின்றி அவரைச் சிலுவையில் அறைந்து கொன்றான். குடிமகன் ஒருவனை அவ்வாறு தண்டிக்கச் சட்டம் இடந்தரவில்லை.

சிசிலி மக்கள் சிசரோவை நாடினர். சான்றுகளைத் திரட்ட அவருக்கு 110 நாள்கள் அளிக்கப்பட்டன. அவர் ஏறத்தாழ 50 நாள்களில் தீவைச் சுற்றிச் சாட்சிகளோடு திரும்பினார். கி.மு. 70 ஆகஸ்டில் வழக்குத் தொடங்கியது. நீண்ட முன்னுரை நிகழ்த்தும் வழக்கத்தைக் கைவிட்டு, சாட்சிகளை ஒருவர்பின் ஒருவராகச் சிசரோ நிறுத்தினார். தீர்ப்பு வருமுன்பே வெர்ரஸ் நாட்டைவிட்டு ஓடினான். குடிமகனின் உயிருக்குச் சட்டமே அரண் என்று நாட்டுக்கு உணர்த்திய வழக்கு இது.

ஆட்சி முறை

கி.மு. 509இல் உரோமானியர் தம் கடைசி அரசனை விரட்டினர் என்பது மரபு. ஒருவர் கையில் அதிகாரம் சேரக்கூடாது என்பதே அவர்கள் வகுத்த ஆட்சியின் அடிப்படை. ஆண்டுதோறும் 'கான்சல்' எனப்படும் தலைவர் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களின் பதவிக்காலம் ஓராண்டே. ஒருவரின் ஆணையை மற்றவர் தடுக்கலாம். அவர்களுக்குக் கீழே நீதி, நிதி, நகரப் பராமரிப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் அலுவலர்கள் இருந்தனர். எளிய குடிமக்களைக் காக்க 'டிரிபியூன்' எனப்படும் பதின்மர் இருந்தனர். அவர்கள் எந்த ஆணையையும் தடுத்து நிறுத்த வல்லவர்கள். பதவி வகித்தோர் ஏறத்தாழ 600 பேர் கொண்ட செனட் சபை, போர், நிதி, அயல்நாட்டு உறவு ஆகியவற்றில் வழிகாட்டியது.

தேர்தலில் நிற்பவர் தம் டோகாவைச் சுண்ணப்பொடியால் வெளுத்து அணிந்துகொண்டு, ஃபோரத்தில் மக்களின் கைகளைப் பற்றி வாக்குக் கேட்பார். டோகா என்பது உடலைச் சுற்றி உடுத்தும் நீண்ட கம்பளித் துணி. ஆயினும் எல்லார் வாக்கும் ஒரே மதிப்புடையதாக இல்லை. கான்சல் தேர்தலில் குடிமக்கள் செல்வத்துக்கு ஏற்ப 193 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். செல்வர் பிரிவுகள் முதலில் வாக்களித்தன. ஏழைகளின் முறை வருமுன்பே முடிவு தெரிந்துவிடுவது வழக்கம். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கு அறவே இல்லை.

உயர்வும் தவறும்

கி.மு. 63இல், தம் 43ஆம் வயதில், சிசரோ கான்சல் ஆனார். அதற்குமுன் ஏறத்தாழ 30 ஆண்டுகளாகப் 'புதிய மனிதர்' எவரும் அப்பதவியை அடைந்ததில்லை.

அதே தேர்தலிலும் அடுத்த ஆண்டுத் தேர்தலிலும் தோற்றவன் கேட்டிலின் என்னும் உயர்குடியினன். கடனில் மூழ்கியவர்களுக்குக் கடன் ஒழிப்பை உறுதியளித்து ஆள்சேர்த்து, ஆட்சியைக் கவிழ்க்கச் சூழ்ச்சி செய்தான். சிசரோ அதனைச் செனட் சபையில் அவன் முன்னிலையிலேயே வெளிப்படுத்தினார். கேட்டிலின் நகரைவிட்டு வெளியேறினான். நகரிலிருந்த அவன் கூட்டாளிகள் ஐவர் பிடிபட்டனர்.

அவர்களை என்செய்வது? குடிமகனைக் கொல்லுமுன் அவன் மக்களிடம் முறையிட வாய்ப்புத் தரவேண்டும் என்பது உரோமானியச் சட்டம். ஜூலியஸ் சீசர் ஐவரையும் சிறைவைக்கக் கூறினார்; கேட்டோ மரண தண்டனையை வலியுறுத்தினார். செனட் கேட்டோவின் பக்கம் சாய்ந்தது. டிசம்பர் 5ஆம் நாள் மாலை, சிசரோவின் ஆணைப்படி ஐவரும் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். அன்றிரவு மக்கள் விளக்கேற்றி அவரை வாழ்த்தினர். நாட்டின் தந்தை என்ற பெருமையும் கிடைத்தது. ஆனால் வெர்ரசுக்கு எதிராக அவர் எந்தச் சட்டத்தை உயர்த்திப் பிடித்தாரோ, அச்சட்டத்தையே 7 ஆண்டுகளுக்குப்பின் அச்சத்தின் காரணமாக அவரே மீறினார். நாட்டைக் காக்கவே செய்ததாக அவர் வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். எனினும் அக்கேள்வி அவரை விடவில்லை. கி.மு. 58இல் அவருடைய பகைவர் குளோடியஸ், விசாரணையின்றிக் குடிமகனைக் கொன்றவரை நாடுகடத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தார். சிசரோ நாட்டைவிட்டு வெளியேறினார். அவருடைய மாளிகை இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மக்கள் வாக்களித்து அவரைத் திரும்ப அழைத்தனர்.

இல்லமும் நகரமும்

உரோமானியரின் நாள் பொழுது புலருமுன்பே தொடங்கியது. விடியற்காலையில் எளியவர்கள் செல்வர் வீட்டு வாயிலில் கூடி வணக்கம் கூறுவர். உதவியும் சட்ட அறிவுரையும் பெறுவர். கைம்மாறாகத் தேர்தலில் துணைநிற்பர். சிசரோவின் வாயிலிலும் நாள்தோறும் அத்தகைய கூட்டம் இருந்தது.

பாலட்டைன் குன்றில் 35 லட்சம் செஸ்டர்ஸ் விலைக்கு அவர் மாளிகை வாங்கினார். நகரத்தின் ஏழைகளோ பலமாடிக் குடியிருப்புகளில் சிற்றறைகளில் வாழ்ந்தனர். கோதுமை ரொட்டியும் கஞ்சியும் ஒலிவ எண்ணெயும் பருப்பு வகைகளும் அவர்களின் உணவு. அக்கட்டடங்கள் இடிந்து விழுவதும் தீப்பற்றுவதும் அடிக்கடி நிகழ்ந்தன. தமக்குச் சொந்தமான கடைகளுள் இரண்டு இடிந்ததையும் மற்றவை விரிசல் விட்டதையும், குடியிருந்தோர் மட்டுமன்றி எலிகளும் வெளியேறிவிட்டதையும் சிசரோ நண்பர் அட்டிக்கசுக்கு வேடிக்கையாக எழுதினார். அவற்றைத் திருப்பிக் கட்டி ஆதாயம் பெறுவதைப் பற்றியும் எழுதினார். குடியிருந்தோர் எங்குச் சென்றனர் என்பதை அவர் எழுதவில்லை.

பெண்களுக்குத் தனிப்பெயர் இடும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. துல்லியஸ் குடும்பத்தில் பிறந்த மகள் என்பதால் சிசரோவின் மகளுக்குத் துல்லியா என்பதே பெயர். எனினும் அவருடைய மனைவி டெரன்ஷியா தமக்கெனச் சொத்து உடையவர். கணவர் நாட்டைவிட்டு நீங்கியிருந்த காலத்தில் குடும்பத்தைத் தாங்கியவர் அவரே.

டைரோ என்னும் அடிமை சிசரோவின் செயலாளராக விளங்கினார். பேசும் வேகத்துக்கு ஈடாக எழுதும் சுருக்கெழுத்து முறை அவர் பெயரால் வழங்குகிறது. கி.மு. 53இல் சிசரோ அவருக்கு விடுதலை அளித்தார். டைரோ நோயுற்றபோது, பயணத்துக்கு விரையாமல் உடலைப் பேணுமாறு பல கடிதங்கள் எழுதினார். அதே சிசரோ, தம் நூலகத்தில் நூல்களைத் திருடிக்கொண்டு தப்பிய டயோனீசியஸ் என்னும் அடிமையைப் பிடித்துத் தருமாறு தொலைநாட்டு ஆளுநர்களுக்கும் எழுதினார். ஒருவரை நண்பராகப் போற்றினார். மற்றொருவரைத் தம் உடைமையாகத் தேடினார். அடிமைமுறை தவறு என்னும் எண்ணம் அக்காலத்து மேலோருக்குத் தோன்றவில்லை.

மொழிக்குச் செய்த தொண்டு

நாட்டில் தளபதிகளின் கை ஓங்கியது. சீசர், பாம்ப்பே, கிராசஸ் மூவரும் கூட்டுச் சேர்ந்தபோது சிசரோவையும் அழைத்தனர், அவர் இணங்கவில்லை. கி.மு. 49இல் சீசருக்கும் பாம்ப்பேக்கும் போர் மூண்டது. சிசரோ பாம்ப்பேயின் பக்கம் நின்றார். வென்ற சீசர் அவரை மன்னித்தார். ஆனால் மன்றத்தில் பேச இனி ஏதுமில்லை. கி.மு. 45இல் அன்புமகள் துல்லியா இறந்தாள்.

அத்துயரில் சிசரோ எழுத்தில் மூழ்கினார். மெய்யியலைக் கிரேக்க மொழியில்தான் எழுத முடியும் என்று கற்றோர் கருதிய காலம் அது. அக்கருத்தை மாற்ற, அவர் அறம், கடமை, நட்பு, முதுமை ஆகியவற்றைப் பற்றி இலத்தீனில் நூல்கள் எழுதினார். சொல் இல்லாத இடத்தில் புதுச்சொல் படைத்தார். தன்மை என்னும் பொருள்தரும் 'குவாலிடாஸ்', ஒழுக்கம் சார்ந்தது என்னும் பொருள்தரும் 'மொராலிஸ்' ஆகியவை அவர் ஆக்கியவை. இன்றைய ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அவை வாழ்கின்றன.

இறுதிப் போராட்டம்

கி.மு. 44 தொடக்கத்தில் சீசர் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார். மார்ச் 15ஆம் நாள் செனட் உறுப்பினர் சிலர் அவரைக் குத்திக் கொன்றனர். சிசரோ அச்சூழ்ச்சியில் பங்கு கொள்ளவில்லை. ஆனால் குடியரசு மீளும் என்று மகிழ்ந்தார். அது மீளவில்லை. சீசரின் இடத்தைப் பிடிக்க மார்க் ஆண்டனி முயன்றார். முதியவரான சிசரோ மீண்டும் எழுந்து, ஆண்டனிக்கு எதிராக 14 உரைகளை ஆக்கினார். ஆண்டனியை அடக்க, சீசரின் வளர்ப்பு மகனான இளைஞர் ஆக்டேவியனை ஆதரித்தார். அவர் கான்சலாக இருந்த கி.மு. 63ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆக்டேவியன்.

அக்கணிப்புப் பிழைத்தது. கி.மு. 43 நவம்பரில் ஆக்டேவியன், ஆண்டனி, லெப்பிடஸ் மூவரும் ஒன்றுகூடினர். கொல்லப்பட வேண்டியோரின் பட்டியலை வெளியிட்டனர். விசாரணை இல்லை, முறையீடு இல்லை. அதில் சிசரோவின் பெயரும் இருந்தது. டிசம்பர் 7ஆம் நாள், ஃபார்மியே ஊருக்கருகே கடற்கரை நோக்கிப் பல்லக்கில் சென்றபோது படைவீரர்கள் அவரைச் சூழ்ந்தனர். பல்லக்குத் தூக்கிகள் அவருக்காகப் போரிட முற்பட்டனர். அவர் அவர்களைத் தடுத்துப் பல்லக்கை இறக்கச் சொல்லித் தலையை நீட்டினார். அவருக்கு அப்போது வயது 63. அவர் முழங்கிய ஃபோரத்து மேடையிலேயே அவர் தலையும் எழுதிய கையும் வைக்கப்பட்டன.

காசில் இல்லாத முகம்

கி.மு. 27இல் ஆக்டேவியன் அகஸ்டஸ் என்னும் பெயருடன் உரோமின் முதல் பேரரசர் ஆனார். கரூர்க் காசில் உள்ள முகம் அவருடையதே. கான்சல்களும் செனட்டும் பெயரளவில் தொடர்ந்தனர். முடிவு அவர் கையில் இருந்தது.

பல ஆண்டுகளுக்குப்பின் நடந்த ஒன்றையும் புளூட்டார்க் எழுதுகிறார். அகஸ்டசின் பேரன் ஒருவன் சிசரோவின் நூலைப் படித்துக்கொண்டிருந்தான். பாட்டனார் வருவதைக் கண்டு அஞ்சி அதனை ஆடைக்குள் மறைத்தான். அகஸ்டஸ் அதனை வாங்கி, நின்றபடியே நெடுநேரம் படித்தார். பின்னர், இவர் கல்வியில் சிறந்தவர், நாட்டை நேசித்தவர் என்று கூறித் திருப்பிக் கொடுத்தார்.

சிசரோ எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக 900க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் உள்ளன. அவற்றைக் காத்ததில் டைரோவுக்குப் பெரும்பங்கு உண்டு. உரோமானியரின் தேர்தலையும் விருந்தையும் கடனையும் கண்ணீரையும் நாம் இவ்வளவு நெருக்கமாக அறிவதற்குக் காரணம், ஒருகாலத்தில் அடிமையாக இருந்த ஒருவரின் எழுத்தாணியே.

சொல்லும் பொருளும்

நாவலர் – பேச்சில் வல்லவர்
பட்டயம் – சட்டம் அல்லது ஆணை பொறித்த தகடு
அரண் – காவல்
மரபு – வழிவழி வரும் செய்தி
சூழ்ச்சி – மறைவான தீய திட்டம்
கைம்மாறு – பெற்ற உதவிக்குச் செய்யும் பதிலுதவி
மெய்யியல் – உண்மையை ஆராயும் அறிவுத்துறை

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. சிசரோ பிறந்த ஊர் ________.
2. உரோமில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட கான்சல்கள் ________ பேர்.
3. சுருக்கெழுத்து முறை ________ என்பவரின் பெயரால் வழங்குகிறது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பன்னிரு பட்டயங்கள் எழுதப்பட்டதால் எளியவர் பெற்ற நன்மை யாது?
2. கான்சல் தேர்தலில் ஏழைகளின் வாக்கு ஏன் வலிமை குன்றியிருந்தது?
3. சிசரோ வெள்ளிக் கலத்தில் கொண்டைக்கடலையைச் செதுக்கச் செய்தது ஏன்?

இ. சிந்தித்து எழுதுக.
1. காவியசின் சாவு, கேட்டிலினின் கூட்டாளிகள் ஐவரின் சாவு, சிசரோவின் சாவு ஆகிய மூன்றுக்கும் பொதுவானது எது? ஒரு பத்தி எழுதுக.
2. ஐவரையும் என்செய்வது என்று செனட் கூடிய நாளில் நீ உறுப்பினராக இருந்தால் எப்பக்கம் பேசியிருப்பாய்? காரணம் கூறுக.

ஈ. மொழியோடு விளையாடு.
சிசரோ இலத்தீனில் புதுச்சொல் படைத்ததுபோல், தமிழிலும் கணினி, மின்னஞ்சல் போன்ற கலைச்சொற்கள் ஆக்கப்பட்டுள்ளன. உன் வகுப்பறையிலும் வீட்டிலும் உள்ள ஐந்து புதிய பொருள்களுக்கு உரிய தமிழ்ச்சொற்களைப் பெற்றோரிடமும் தாத்தா பாட்டியிடமும் கேட்டு எழுதுக. சொல் கிடைக்காத பொருளுக்கு நீயே ஒரு சொல்லை ஆக்குக.